நான்கு விரல் இடைவெளி

பந்தயக் காருக்கு வால் பூட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர்: மேஸ்திரி, அவருடைய மகன் செல்வம், மில்காரர் வீட்டுச் சின்னவர், நான். இல்லாதவர்கள் மூன்று பேர். சின்னவரின் அப்பா இல்லை. அப்படி ஒரு கார் இருப்பதே அவருக்குத் தெரியாது. செல்வத்தின் மனைவி இல்லை. தேவதானத்தில் அவள் தங்கைக்குச் சடங்கு. வருவதாகச் சொல்லியிருந்த மெட்ராஸ் மெக்கானிக்கும் இல்லை. இந்த மாதிரி வேலையைக் கண்ணால் பார்த்திருந்த ஒரே ஆள் அவர்தான். காய்ச்சல் என்று தந்தி கொடுத்துவிட்டார்.

"காய்ச்சக்காரன் வந்தாத்தான் வால் மொளைக்குமாக்கும்?" என்றார் மேஸ்திரி. "அதான் நம்ம கூட டிப்ளமோ இருக்காருல்லா. பெறவென்ன?"

டிப்ளமோ என்றது என்னை.

மேஸ்திரியின் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், பஞ்சு மில் சுவருக்கு எதிரே அவருடைய தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் கட்டைகள்தான். புளிய மரத்தில் செதுக்கிய முக்கோணக் கட்டைகள், சதுரக் கட்டைகள், லாரிக்கு ஒரு அளவு, டிராக்டருக்கு ஒரு அளவு, காருக்கு ஒரு அளவு, எல்லாம் சோடி சோடியாக. எந்த வண்டி உள்ளே வந்தாலும் அவர் முதலில் பானட்டைத் திறக்கமாட்டார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையைப் போட்டு, காலால் இரண்டு மிதி மிதித்து இறுக்குவார். ஜாக்கி வைத்துத் தூக்கினால், சட்டத்துக்கு அடியில் நான்கு பக்கமும் கட்டை அடுக்கி, வண்டியின் பாரம் ஜாக்கியிலிருந்து கட்டைக்கு இறங்கிய பிறகுதான் யாரையும் அடியில் போகவிடுவார்.

"அதான் நிக்குதே மேஸ்திரி" என்று அவசரக்கார டிரைவர் யாராவது சொன்னால், அவரிடம் ஒரே பதில்தான்.

"நிக்குதுன்னு யாருலே சொன்னா?"

கோபமாகச் சொல்லமாட்டார். நிஜமாகவே அந்த ஆளின் பெயர் தெரிந்தால் போய்க் கேட்டுவரப்போகிறவர் மாதிரிச் சொல்வார்.

தன்னுடைய சைக்கிளுக்குக்கூடக் கட்டை போடுகிறவர் அவர். கொட்டகை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பின் சக்கரத்தின் கீழே உள்ளங்கை அகலக் கட்டை ஒன்றைச் செருகிவிட்டுத்தான் உள்ளே வருவார். டீக்கடையில் இதை வைத்து அவரைச் சீண்டாத ஆள் இல்லை.

"மேஸ்திரி, வீட்ல ஆட்டுரலுக்குக் கட்டை போட்டாச்சா?"

"போடணும்லே. உங்க அத்தை உருட்டிட்டு வந்து மண்டையில போட்டாலும் போடுவா."

"அவிய தாத்தா ஆண்டாள் தேருக்குக் கட்டை போட்டவியலாம்லா. அந்தக் கை இது. சும்மா இருக்குமா?" என்பார் கடைக்காரர். அது உண்மையா, கடைக்காரரே கட்டிவிட்டதா, தெரியாது. மேஸ்திரி ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடி, எதிரே நின்ற டவுன் பஸ்ஸின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு டீயைக் குடிப்பார்.

செல்வத்தின் கல்யாணத்தில் நடந்ததை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். பொண்ணு மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நாதஸ்வரம் முன்னால் போய்விட்டது. பூச்சரம் தொங்கிய வாடகைக் காரை டிரைவர் கிளப்புகிறான். கார் ஒரு உறுமு உறுமிவிட்டு அணைந்துபோகிறது. மறுபடி கிளப்புகிறான், மறுபடி அணைகிறது. சகுனம் சரியில்லையோ என்று பெண் வீட்டார் முகம் கறுத்துவிட்டது. பட்டு வேட்டி கட்டிய சம்பந்தி மேஸ்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, மண்ணில் முட்டி போட்டு, நான்கு சக்கரங்களுக்கடியிலிருந்தும் கட்டைகளை உருவினார். கல்யாணத்துக்குக் கட்டை கொண்டுவந்திருந்தார் மனுஷன்! "ரோடு செத்த சரிவா இருக்குல்லா சம்பந்தி" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார். செல்வம் காருக்குள் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் முன்னால் சிரித்தாளாம்.

எனக்கு அவர் பழக்கமானது வேலையில்லாத காலத்தில். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா சத்திரப்பட்டியில் தறியில் நின்றார். ரேஷன் கார்டையே தலைகீழாகப் பிடிப்பவர். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்வேன். படித்துச் சொல்வது தவிர வேறு வேலை கிடைக்கவில்லை. மில்லில் மெயின்டனன்ஸில் ஓர் இடம் காலியாகப்போகிறது என்று கேள்விப்பட்டுச் சின்னவரைப் பார்க்கப் போனேன். அவர் என் சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்துப் போட்டு, "இதப் படிச்சு மேஸ்திரிக்குச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அமெரிக்கப் பத்திரிகை. கால் மைல் தூரம் மட்டுமே ஓடும் கார் பந்தயத்தைப் பற்றியது. மெட்ராஸ் பக்கத்தில் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் அந்த மாதிரிப் பந்தயம் நடக்கிறது என்றும், தன் கார் அதில் ஓடப்போகிறது என்றும் சின்னவர் சொன்னார். பழைய இரண்டு கதவுக் கார் ஒன்றை வாங்கி, கண்ணாடி, சீட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, வெளிநாட்டு எஞ்சின் ஒன்றை அதற்குள் திணித்திருந்தார்கள். பின்னால் அகல டயர். மோட்டார் சைக்கிளில் விழுந்து கையை முறித்துக்கொண்டதிலிருந்து, பந்தய வண்டி எதையும் ஓட்டமாட்டேன் என்று சின்னவர் அவருடைய அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அதனால் ஓட்டப்போவது செல்வம். சிமெண்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான் அவன். ஜெயித்தால் ஒரு பழைய லாரிக்கு முன்பணம் கட்டித் தருவதாகச் சின்னவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மேஸ்திரிக்கு இதில் இஷ்டமே இல்லை. ஆனாலும் வாய் திறந்து தடுக்கவில்லை, வண்டி எழுந்து நிற்கும்வரை.

அது வால் பூட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பு. வ. புதுப்பட்டிப் பக்கம் புதிதாகத் தார் போட்டு, இன்னும் போக்குவரத்துக்கு விடாத கிளைச்சாலை ஒன்று இருந்தது. அங்கே வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். செல்வம் கிளட்சை விட்டதும் காரின் முன்பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது. ஒரு நொடி. பிறகு டமாரென்று இறங்கி ஓடிற்று. சின்னவர் கை தட்டினார். மேஸ்திரி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி படுத்துப் பாத்திருக்கேன். உருண்டு பாத்திருக்கேன்" என்றார். "எந்திரிச்சுப் பாத்ததில்ல."

அன்றைக்கே சொல்லிவிட்டார்: பின்னால் முட்டு இல்லாமல் என் மகன் இனி இதில் ஏறமாட்டான். அப்போதுதான் பத்திரிகையில் இருந்த படத்தைச் சின்னவர் காட்டினார். காரின் பின்னாலிருந்து இரண்டு குழாய்கள் நீண்டு, அவற்றின் முனையில் சின்னஞ்சிறு சக்கரங்கள். முன்பக்கம் தூக்கினால், பின்னால் இந்தச் சக்கரங்கள் தரையில் ஊன்றி, மேலே போகாமல் தடுத்துவிடும். வீலி பார் என்று பெயர் போட்டிருந்தது. மேஸ்திரி அதை வெகுநேரம் பார்த்தார். முகம் தெளிந்தது.

"கட்டைதான் இது. கூடவே ஓடுத கட்டை" என்றார். அன்றிலிருந்து அதற்கு வால் என்று பெயர்.

படத்திலிருந்த காருக்கும் எங்கள் காருக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. படத்திலிருந்தது லாரி மாதிரி. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புக் கூட்டின் இரண்டு முனைகளில் இருக்கும். வாலை அந்தக் கூட்டிலேயே பூட்டியிருந்தார்கள். எங்கள் காரில் அப்படி ஒரே கூடு கிடையாது. நடுவிலிருக்கும் கிரவுன் என்கிற பல்சக்கரப் பெட்டி வண்டிச் சட்டத்தோடு பூட்டியிருக்கும். அதிலிருந்து பக்கத்துக்கு ஒரு கை போய்ச் சக்கரத்தைப் பிடித்திருக்கும். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரத்துக்குத் தெரியாது. மேஸ்திரி முதலில் கைக்கு ஒரு குழாயாகக் கயிற்றால் கட்டிப் பார்த்தார். வண்டியின் ஒரு மூலையில் என்னை ஏறி நிற்கச் சொன்னார். ஒரு குழாய் மேலே போயிற்று, இன்னொன்று அப்படியே இருந்தது.

"ரெண்டும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகல்லா இருக்கு" என்றார். "இவுகள நம்பி வால் பூட்ட முடியாது. சட்டத்துலதான் பூட்டணும், கிரவுனுக்கு அடியில."

அது சரிதான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, எத்தனையோ படித்த பிறகும் சொல்கிறேன், அது முற்றிலும் சரி. எழுத்து தெரியாத மனிதர், ஒரு கயிற்றையும் என் எடையையும் வைத்துக் கண்டுபிடித்தார்.

உயரம் மட்டும்தான் என் பொறுப்பு.

சின்னச் சக்கரத்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது: மூன்று அங்குலம். "நாலு வெரல்" என்று மேஸ்திரி தன் விரல்களைச் சேர்த்து வைத்துக் காட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை காரைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் வழக்கம்போலக் கட்டைகளை அடுக்கி நிறுத்தியிருந்தார். அடியில் படுத்து அவர் வெல்டிங் வைக்க, நான் குத்துக்காலிட்டு, தொங்கிய டயரின் அடிமட்டத்திலிருந்து ஸ்கேலைப் பிடித்தேன். மில்லில் நூல் கூடை தள்ளும் வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு இரும்புச் சக்கரங்கள். மூன்று அங்குலம், நூல் பிடித்த மாதிரி. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

"ஏமி மேஸ்திரி, நம்ம இஞ்சினியர் எப்படி?" என்றார் சின்னவர். வீட்டுத் தெலுங்கு ஒரு வார்த்தை அவருக்கு எப்போதும் முன்னால் வந்துவிடும். என்னைப் பார்த்து, "பந்தயம் முடியட்டும், மில்லுக்கு வந்துடுங்க" என்றார். இஞ்சினியர். என்னை அப்படி ஒருவர் அழைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு மேஸ்திரி கட்டைகளை உருவினார். கார் தன் ஸ்பிரிங்கில் உட்கார்ந்தது. செல்வம் உள்ளே ஏறினான். பெட்ரோல் ஊற்றினோம். மேஸ்திரி பின்னால் போய்க் குனிந்தார். தரைக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நடுவில் விரல்களை நுழைத்தார். இரண்டு விரல்தான் போயிற்று.

நானும் பார்த்தேன். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. சட்டம் கட்டைமேல் நின்று டயர் தொங்கியபோது அளந்திருக்கிறேன். கட்டையை எடுத்ததும் ஸ்பிரிங் அமுங்கிச் சட்டம் இறங்கும், வாலும் கூடவே இறங்கும். கிளம்பும்போது கார் பின்னால் அமுங்கும். அப்போது இந்த இரண்டு விரலும் இருக்காது. படத்திலிருந்த காரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வால் சக்கரக் கூட்டில் இருக்கிறது, உடம்பு அமுங்கினாலும் வால் இறங்காது. இவ்வளவும் ஒரு மூச்சு விடுவதற்குள் தலைக்குள் ஓடிற்று. பாலிடெக்னிக்கில் எனக்கு அந்தப் பாடத்தில் எழுபத்தெட்டு மார்க்.

"தம்பி" என்றார் மேஸ்திரி, குனிந்தபடியே. "வால் தாந்து நிக்குத மாதிரி இருக்கே?"

செல்வம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். சின்னவர் வாட்சைப் பார்த்தார். வெல்டிங்கை அறுத்து மறுபடி வைக்க அரை நாள் ஆகும். அளந்தது தப்பு என்று நான் சொல்ல வேண்டும். இஞ்சினியர் என்று கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு அண்ணாச்சி" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யார் சொன்னார் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவேண்டும் என்றுகூட ஒரு பக்கம் நினைத்தேன். வாழ்நாளில் எந்தச் சக்கரத்தையும், எந்த மனிதனின் வாயையும் நம்பாத அந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் சரி. படிச்சவிய சொன்னா சரிதான்" என்றார்.

சாலைக்குப் போகையில் காலை பத்தரை இருக்கும். முதல் தடவை செல்வம் மெதுவாக ஓட்டினான். ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரிக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. கார் திரும்பி வந்து நின்றதும், வாலைத் தட்டிக்கொடுத்தார். மகனிடம், "ஏலே, இனி நீ அமுக்குத அமுக்கு அமுக்கு. பின்னால உங்கப்பன் இருக்கேன்" என்றார்.

"வாலா எனக்கு அப்பன்?" என்று சிரித்தான் செல்வம்.

"வால்னா என்ன, தலைன்னா என்ன. போலே."

இரண்டாவது தடவை அவன் அமுக்கினான். கார் பின்னால் குந்திற்று. இரும்புச் சக்கரங்கள் தார் மேல் ஊன்றிய சத்தம் எனக்குக் கேட்டது. எஞ்சின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நான் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். காரின் பாரம் முழுக்க வாலில் ஏறி, பெரிய டயர்களின் பிடி விட்டுப்போயிற்று. ஒரு டயர் மட்டும் முதலில் தரையைப் பிடித்தது. கார் இடது பக்கம் வெட்டித் திரும்பி, சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் மோதியது. அவ்வளவுதான். எண்ணினால் மூன்று எண்ணுவதற்குள்.

மேஸ்திரி ஓடினார். ஓடும்போது அவர் கையில் இரண்டு கட்டைகள் இருந்தன. மோதி நின்ற காரின் சக்கரத்துக்கு அவற்றைப் போட்டு, காலால் மிதித்து இறுக்கினார். அதன் பிறகுதான் மகனைப் பார்த்தார். அதற்காகச் சின்னவர் அவரைப் பின்னாளில் திட்டினார். நான் திட்டமாட்டேன். அவருக்குக் கை கால் அப்படித்தான் பழகியிருந்தது.

செல்வத்தின் இடது கால் நசுங்கியிருந்தது. சின்னவரின் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். காருக்குக் காவலாக என்னை விட்டுவிட்டுப் போனார்கள். கிளம்பிய இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். புதுத் தாரில் இரண்டு மெல்லிய கோடுகள், கத்தியால் கீறின மாதிரி, பத்துப் பன்னிரண்டு அடி தூரத்துக்கு. பக்கத்தில் டயர் தடம் இல்லை. இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. மேஸ்திரிக்கு எழுத்துத்தான் தெரியாது. தடம் படிக்கத் தெரியும். அவர் பார்த்தால் போதும். செருப்பால் மண்ணை இழுத்து இழுத்து அந்தக் கோடுகளின் மேல் மூடினேன். நான் செய்தேன். வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சாலையைப் பிறகு போக்குவரத்துக்குத் திறந்துவிட்டார்கள். மண் காற்றில் போய்விட்டது. கோடு போகவில்லை. எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் அந்த வழியில்தான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் உட்காராமல் பார்த்துக்கொள்வேன். உட்காராவிட்டாலும் அந்த இடம் வந்தால் தெரிந்துவிடும். உள்ளங்காலில் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் செல்வத்தின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் மூன்று தடவை போனேன். வராந்தாவில் மேஸ்திரியும் நானும் உட்கார்ந்திருந்தபோது, அவராகவே ஒன்று சொன்னார். இளவட்டத்தில் ஆலங்குளம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்குக் கிளீனராக இருந்தாராம். சாப்பாட்டு நேரம். லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் கூடவேலை பார்த்தவன் படுத்திருந்தான்.

"யாரும் ஏறல. யாரும் தொடல. அன்னைக்குக் காத்துகூட இல்ல தம்பி" என்றார்.

எதிரே ஸ்ட்ரெச்சர் வண்டி ஒன்று சுவரோரம் நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பெரிய முதலாளிக்கு விஷயம் தெரிந்து, கார் பழைய இரும்புக்குப் போயிற்று. சின்னவரைக் கோயம்புத்தூரில் இருந்த மாமா மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க மில்லே கட்டிற்று. போகுமுன் சின்னவர் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி நான் மெயின்டனன்ஸில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். அப்பா தறிக்காரர்கள் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மில் கேட்டுக்கு நேர் எதிரே மேஸ்திரியின் கொட்டகை. ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் இன்றுவரை அதைத் தாண்டித்தான் நடக்கிறேன்.

முதலில் நான் கவனித்தது சுவரைத்தான். ஆணிகள் மட்டும் இருந்தன. கட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்து, செல்வத்துக்கு வெந்நீர் போட அடுப்புக்குப் போய்விட்டன என்று அவன் மனைவி சொன்னாள். "நல்லா நின்னு எரியுதுண்ணே, புளியங்கட்டைல்லா" என்றாள். அதன் பிறகு, லாரிக்கு அடியில் அவர் வெறும் ஜாக்கியை நம்பிப் படுத்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் உள்ளே போய், "அண்ணாச்சி, கட்டை போடலையா?" என்றேன்.

அடியிலிருந்து குரல் வந்தது: "அதான் நிக்குதே தம்பி."

ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன், ஜாக்கியைப் பார்த்துக்கொண்டு. ஷிப்டுக்கு லேட். அவர் வெளியே வந்து, நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, கை கழுவப் போனார். எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் அப்படித்தான் வேலை பார்க்கிறார். எந்த ஜாக்கியும் அவர்மேல் இறங்கவில்லை. லாரி டிரைவர்கள் இப்போது, "மேஸ்திரி சுறுசுறுப்பாயிட்டாரு" என்கிறார்கள். டீக்கடையில் அவரைச் சீண்ட யாருக்கும் விஷயம் கிடைப்பதில்லை.

நான் வேலையில் சேர்ந்த அந்த முதல் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டை போட்டிருந்தார். அப்பா அவசரமாகப் பாயை விரித்தார். அவர் உட்காரவில்லை, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு கணக்கு எழுதணும் தம்பி. வாலுக்கு ஆன கணக்கு. சின்னவர் எனக்குக் கொடுத்த காசு. அதத் திருப்பிக் கொடுத்திடணும்."

"எதுக்கு அண்ணாச்சி? யாரும் கேக்கலியே."

"யாரும் கேக்க வேண்டாம். என் பத்தவைப்பு விட்டுப்போச்சு. போய்ப் பாத்தேன்லா, பழைய இரும்பு ஆக்கர்க்கடையில. கிரவுனுக்கு அடியில வச்சது பிஞ்சு நிக்கி. விட்டுப்போன வேலைக்குக் காசு வாங்கக் கூடாது."

வெல்டிங் பிய்ந்தது சுவரில் மோதியதால். அது எனக்குத் தெரியும். மூன்று வார்த்தை சொன்னால் போதும்.

"அளவு சரியாத்தான இருந்துச்சு?" என்றார் அவர். என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். சும்மா கேட்டாரா, தெரிந்து கேட்டாரா, அந்தக் கேள்வியை எத்தனையோ விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு விளங்கவில்லை. உள்ளேயிருந்து அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், மகனிடம் காகிதம் எழுத ஆள் வந்திருக்கிற பெருமையோடு.

"சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

"அப்பம் எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குழாய் தொண்ணூற்றாறு. பட்டைத் தகடு இருபத்திரண்டு. போல்ட்டு நட்டு பதினாலரை. வெல்டிங் ராடு முப்பத்தெட்டு. கேஸ் முப்பது. பெயிண்டு பதினெட்டு. சக்கரம் மில்லுதுதான், அதற்குக் காசு கிடையாது. கூலி வாங்கியிருந்தாரா என்று கேட்டேன். மகன் ஏறுகிற வண்டிக்கு யாராவது கூலி வாங்குவார்களா என்று திருப்பிக் கேட்டார்.

"கூட்டுங்க" என்றார். அதுவரை என்னை அவர் நீ என்றுதான் பேசியிருந்தார்.

கூட்டினேன். சரிதானா என்று மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினெட்டு ரூபாய் ஐம்பது காசு.